கடகடக்கும் ஏ.சி.

மதிய வெயில் திரையைத் தாண்டி வந்து கட்டிலில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மீதிப் பாதியில், கழுத்தெல்லாம் வேர்க்குருவோடு கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. குளிர் வரவில்லையென்று ஏ.சி.யை அணைத்து வைத்ததிலிருந்தே பிள்ளைக்குத் தூக்கமில்லை. மின்விசிறி வெக்கையைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்புகிறது. தாய்க்காரி கண் சிவந்து நிற்கிறாள். ஸ்டூலில் ஏறிய மெக்கானிக் முன்மூடியைக் கழற்றி டார்ச் அடிக்கிறார். செப்புக் குழாயில் எண்ணெய் பிசுபிசுக்கிறது.

“இதுக்கு அடைக்கிறது பழைய வகை கேஸும்மா. இப்ப கெடைக்கிறதே இல்ல. அலஞ்சு வாங்கி அடைச்சாலும் இந்த ஓட்டையில போயிடும். புதுசா மாட்டிடுங்க, சத்தமே இருக்காது.”

“கழட்டிடுங்கண்ணே. புள்ள தூங்கினா போதும்.”

எதற்கும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமென்று அவர் சுவிட்சைப் போடுகிறார். ஏ.சி. இருமுகிறது, உடம்பை உலுக்கிக்கொள்கிறது, கடகடவென்று ஓடத் தொடங்குகிறது. வருவதென்னவோ அனல்தான். ஆனால் குழந்தையின் அழுகை பாதியில் நிற்கிறது. பிறந்ததிலிருந்து தாலாட்டாகக் கேட்ட சத்தம் அது. விரித்த விரல்கள் மெல்ல மடங்க, கண் செருகுகிறது.

அணைக்கப் போன மெக்கானிக்கின் கையைப் பார்த்து அவள் பதறி உதட்டில் விரல் வைக்கிறாள். அவர் பூனை மாதிரி இறங்கி, அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துகொள்கிறார். அனல் இருவர் முகத்திலும் அடிக்கிறது. வியர்வை தாடையில் சொட்ட, அவள் அவர் பக்கம் குனிந்து கிசுகிசுக்கிறாள்:

“புதுசுல சத்தமே இருக்காதாண்ணே?”