எரியாத வேலி

காட்டுத்தீக் காலம் நெருங்க நெருங்க அப்பாவுக்குத் தூக்கம் போனது. மர வேலியை மாற்றியாக வேண்டும்.

வேலிக்கடைக்காரரின் மகன் மூங்கில் துண்டு கொண்டுவந்தான். வீட்டில் வேதியியல் படித்த அப்பாவின் மகள் அதை அடுப்பில் காட்டினாள். எரிந்தது.

“நாளைக்கு வேற கொண்டு வரேங்க.”

மறுநாள் பலகை எரிந்தது. அதற்கு மறுநாள் பிளாஸ்டிக் உருகியது.

“தொழில் தெரியாத பய,” என்றார் அப்பா. “என் பொண்ணுகிட்ட பருப்பு வேகுமா?”

நாலாம் நாள் அவரே கடைக்குப் போனார். கடைக்காரர் இரும்புத் தகட்டு வேலியைக் காட்டினார்.

“போன வாரமே உங்க பொண்ணு இதைத்தான் எடுத்து வைக்கச் சொல்லுச்சு. ‘மெதுவா மாட்டலாம் மாமா, தினம் ஒரு சாம்பிளோட உங்க மகனை அனுப்புங்க’ன்னுச்சு.”



கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க, சம்பந்தி.”