பனி தாங்கும் வாழை

"நெஜத்தச் சொல்லு. அடியில இன்னா புதைச்சு வெச்சிருக்க?"

"அய்யோ, அடியில ஒண்ணுமே இல்லக்கா."

வாணி நம்பவில்லை. ஓரகத்தி இந்துவின் முகத்தை விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் நின்ற வாழையைப் பார்த்தாள். மார்கழிப் பனியில் வேலியோரத்துப் பூசணிக்கொடி துவண்டு கிடந்தது. வாழை மட்டும் பச்சைப் பசேலென்று புது இலை விரித்து, உச்சியில் ரோஜா நிறப் பூவைத் தூக்கிப் பிடித்திருந்தது.

தின்பதற்கான வாழை அல்ல அது. காய் முழுக்க விதை. அழகுக்கு வளர்ப்பது, குளிர் தாங்கும் என்று சொன்னார்களென்று இந்துவின் கணவன் ரூபேஷ் பெங்களூரு நர்சரியிலிருந்து இரண்டு கன்றுகள் வாங்கி வந்தான். ஒன்றை முன்பக்கம் அண்ணிக்குக் கொடுத்துவிட்டு மற்றதைப் பின்பக்கம் நட்டான். வாணியின் கன்று சாகவில்லை. ஆனால் பனி தொடங்கியதிலிருந்து ஓர் இலைகூட விடாமல், திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி முடங்கி நின்றது.

"ஒரே கெழங்குல பேத்த கன்னு. எனக்கு நோஞ்சான், உனக்குப் பூவு. எல்லாம் மண்ணுல இருக்குதுடி. பின்பாகம் நல்ல மண்ணுன்னு தெரிஞ்சுதான் ரெண்டு பேரும் அமுக்கிட்டீங்க."

"சீட்டுப் போட்டுத்தானக்கா பிரிச்சோம்? சீட்ட எடுத்ததே நீங்கதான்."

தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த மாமனார் விட்டுப்போன மனை அது. நாளை நடுவில் காம்பவுண்டு சுவர் எழுப்ப ஆள் வருகிறார்கள். பாகத்தை மாற்றிக்கொள்வதென்றால் இன்றைக்குத்தான். அண்ணன் நாகேஷும் தம்பி ரூபேஷும் மாரிகுப்பத்தில் முதல் ரயிலைப் பிடித்து வேலைக்குப் போகும்வரை காத்திருந்துதான் வாணி பின்பக்கம் வந்திருந்தாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு வாழையடியில் காலை வைத்தாள். வழியெல்லாம் புல்லில் பனி சொட்டியது. இங்கே மண் உலர்ந்து வெதுவெதுப்பாக இருந்தது.

"பாரு, சூடு அடிக்குது. பச்சை எருவக் கொட்டிட்டு ஒண்ணும் இல்லன்றியே!"

"ஒரு கூடை எருகூடப் போடலக்கா. இந்த எடம் எப்பவும் இப்படித்தான். விடிஞ்சா பக்கத்து வீட்டு லவினா ஆன்ட்டி நாயி இங்க வந்துதான் சுருண்டு படுக்குது."

"நாயிக்குத் தெரியுது நல்ல மண்ணு எதுன்னு. நான்தான் ஏமாந்தேன்." வாணியின் குரல் இறங்கியது. "இந்தப் பாகத்த எனக்கு மாத்திக் குடு, இந்து. இல்லன்னா நாளைக்குச் சுவரு ஏறட்டும், அப்பறம் உன் மொகத்துல முழிக்க மாட்டேன்."

இந்து பூவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க பேசாமப் போயிட்டா இந்தப் பூவ நான் யாருக்குக் காட்டறது?" என்றாள். வேலியில் சாய்ந்திருந்த கடப்பாரையை எடுத்தாள். "எடுத்துக்கோங்கக்கா. ஒரே ஒரு பக்கக்கன்னு மட்டும் பேத்து முன்னாடி எடுத்துட்டுப் போறேன். அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று வாணி நினைக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, புல்லுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

முதல் குத்தில் மண் பொலபொலவென்று விட்டுக்கொடுத்தது. இரண்டாவதில் மக்கிய பலகை பிளப்பதுபோல் ஒரு சத்தம். மூன்றாவது குத்தில் கடப்பாரை இந்துவின் கையிலிருந்து வழுக்கி, முழுசாக உள்ளே போய்விட்டது.

விழுந்த சத்தம் வரவில்லை. துளையிலிருந்து, வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரி, சூடான காற்று எழுந்து வாழை இலையை அசைத்தது. பிறகு வெகு ஆழத்தில் இரும்பு எதன்மீதோ மோதியது. சற்றுக் கழித்து, அதற்கும் கீழே, இன்னொரு முறை.

"எலி வளையாக்கா?" இந்து சிரித்துக்கொண்டே துளைக்குள் குனிந்தாள். அவளுக்குப் பின்னால் வாழை, ஓசையே இல்லாமல், ஒரு சாண் குள்ளமானது.

வாணி ஈரப் புல்லில் குப்புற விழுந்து கையை நீட்டினாள்.

"அது மண்ணு இல்ல இந்து, பழைய சுரங்கத்து ஷாஃப்ட்டு. கீழ பாக்காத... கையக் குடுடி."