விடு என்று சொல்லும்வரை

பிரேக்கை மிதித்தாள். மிதி எதிர்ப்பே காட்டாமல் தரை வரைக்கும் போய்ப் படுத்துக்கொண்டது.

இன்னொரு தரம் மிதித்தாள். அதே கதை.

கார் கொட்டகையின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் கணவர், கதவுக் கீலில் ஏதோ அதிசயம் தெரிவதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரேக் இல்ல," என்றாள். நேற்று ராத்திரிக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

அவர் குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தார். உள்பக்கமாக எண்ணெய் வழிந்து தரையில் கறையாகியிருந்தது.

"வீல் சிலிண்டர் ரப்பர் போயிருச்சு. இத வச்சுக்கிட்டு எங்கயும் போக முடியாது."

"மெக்கானிக்கக் கூப்பிடுறேன்."

"கூப்பிடு. ஒரு ஓட்டைய அடைச்சுட்டு மூணு ஓட்டை போட்டுட்டுப் போவான்."

மெக்கானிக் என்றில்லை, அவர் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. ஒரு கடிகாரத்தை இன்னொரு கடிகாரத்தைப் பார்த்துத்தான் நம்புவார். கண் மங்கிவிட்டது, வண்டி ஓட்டாதீர்கள் என்று டாக்டர் சொன்னபோது டாக்டரின் கண்ணாடியைப் பற்றி விசாரித்தார். அன்றிலிருந்து வண்டி ஓட்டுவது அவள்தான்.

அவள் பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பார். அவள் அணைத்த அடுப்பைத் திருகிப் பார்ப்பார். கல்யாணமான நாளிலிருந்து இதே வேலை. நேற்றும் திருகினார். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு அத்தனை வருஷமும் ஒன்றாகச் சேர்ந்து பொங்கிவிட்டது. அண்ணன் வீட்டுக்குப் போகிறேன், திரும்பி வருவதும் வராததும் என் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

விடிந்தும் விடியாமலும் அவர் கொட்டகைக்கு வந்தார். பின் சக்கரத்துக்கு உள்பக்கம் கையை விட்டு, பிரேக் எண்ணெயை அடைத்து வைத்திருக்கும் நிப்பிளைத் தளர்த்தினார். பிறகு போய்ப் பல் தேய்த்தார்.

போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. ஸ்பேனர் வந்தது.

கிளப்புவதற்கு முன் அவள் பிரேக்கை மிதித்துப் பார்ப்பாள் என்று தெரியும். இருந்தாலும் முன் சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தார்.

இப்போது ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றி, அதற்குப் பின்னாலிருந்த பிரேக் ட்ரம்மைத் தட்டி எடுத்தார். சிலிண்டருக்குள்ளிருந்து ரப்பரை உருவி அவளிடம் காட்டினார்.

"புதுசு மாதிரி இருக்கே."

"பார்வைக்கு அப்படித்தான் இருக்கும்."

அதைச் சட்டைப் பையில் போட்டார். திரும்பி உட்கார்ந்து அதையே வெளியே எடுத்தார். நன்றாகத் துடைத்து, எண்ணெய் தடவி, புது ரப்பரை மாட்டுகிற முகத்தோடு மாட்டினார்.

ட்ரம் ஏறியது. இனி பிரேக் எண்ணெய்க்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அது ஒருவர் செய்கிற வேலை இல்லை.

அவள் சீட்டில் உட்கார்ந்தாள். அவர் ட்ரம் அருகே குந்தி, நிப்பிளில் கண்ணாடிபோன்ற குழாயைச் செருகி, மறு முனையைப் பாட்டிலுக்குள் விட்டார்.

"மிதி."

நாலைந்து தரம் மிதித்து நிறுத்தினாள். "பிடிச்சாச்சு."

நிப்பிளைத் திறந்தார். எண்ணெயும் குமிழுமாகக் குழாயில் இறங்கியது. மூடினார்.

"விடு."

விடு என்று சொல்லும்வரை அவள் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால், வெளியே வந்த காற்று திரும்ப உள்ளே போய்விடும். அவர் குந்தியிருக்கும் இடத்திலிருந்து அவள் கால் தெரியாது. அவள் வாய்வார்த்தைதான். இத்தனை வருஷத்தில் இந்த ஒரு வேலையில் மட்டும் அவர் அவளைச் சரிபார்த்ததில்லை. அவளும் ஒரு தரம்கூடத் தவறியதில்லை.

மிதி, பிடிச்சாச்சு, விடு. குமிழ் குறைந்துகொண்டே வந்தது. மிதி இறுகுவது அவள் குரலிலேயே தெரிந்தது. இன்னும் ஒரு தரம், அதோடு முடிந்தது, அவள் கிளம்பிவிடுவாள். அவருக்கோ வேறு பொய் எதுவும் தோன்றவில்லை.

"மிதி."

"பிடிச்சாச்சு."

திறந்தார். கடைசியாக இரண்டு குமிழ்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. பாதி வழியில் நின்றன. பிறகு வந்த வழியே மேலே ஏறி, நிப்பிளுக்குள் போய் மறைந்தன.

அவர் குழாயையே பார்த்தார்.

"கால எடுத்துட்டியா?"

"இல்லையே. மிதிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்."

எழுந்து எட்டிப் பார்க்கக் கழுத்து தானாக நீண்டது. பெரும்பாடு பட்டு அதை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சரி. அப்ப அந்த ரப்பர்தான் சரியில்ல. மறுபடி முதல்லேருந்து எடுக்கணும்."

"எடுங்க. எனக்கென்ன வந்துச்சு."

முன்னால் போய் பானெட்டைத் தூக்கி, பிரேக் எண்ணெய் ஊற்றும் டப்பாவைப் பார்த்தார். எண்ணெய் அடிமட்டத்தில் நின்றது. புது டின் டிக்கியில் ஒரு மூலையில் இருக்கும்.

டிக்கியைத் திறந்தார். டின்னை மறித்துக்கொண்டு அவளுடைய பெரிய பெட்டி. காலையில் அவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, படியெல்லாம் தடதடக்க அவளே இழுத்து வந்து வைத்தது. வாரெல்லாம் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

காலை அகட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தூக்கினார்.

பெட்டி துள்ளிக்கொண்டு மேலே வந்தது. கொஞ்சம் விட்டிருந்தால் மல்லாக்க விழுந்திருப்பார்.

காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு ரவிக்கைகூடப் புரளவில்லை.

பெட்டியைப் பூப்போல ஓரமாக வைத்தார். டின்னை எடுத்துக்கொண்டார். பிறகுதான் நினைவு வந்ததுபோல் ஒரு பெரிய முனகல் முனகினார்.

"அம்மாடி. என்ன கனம்."

முன் சீட்டில் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்துத் தூக்குங்க," என்றாள். "இடுப்புப் பிடிச்சுக்கப் போகுது."