கறுப்புப் பந்து

துறைமுகக் கடற்கரையின் சிமெண்ட் பெஞ்சில், ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்து ஜெபசுதா கைப்பேசியில் பில்லியர்ட்ஸ் ஆடுகிறாள். எதிர்த்து ஆடும் அவள் கணவன் பிரைட்டன், அலைத்தடுப்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் சரக்குக் கப்பலில் இருக்கிறான். ஜெயிப்பவர் சொல்லும் பெயர்தான் பிள்ளைக்கு. அவனுக்குத் தன் அப்பா பெயர் ஞானையா. அவளுக்கு, ஆணோ பெண்ணோ, ஜாய். மாலை வெயிலில் திரை கூசுகிறது; முந்தானையால் மறைத்துக்கொள்கிறாள். பச்சை மேசையில் கறுப்புப் பந்து மட்டுமே மிச்சம். அவள் முறை. தவறினால் அடுத்த அடியில் அவன் அதைக் குழியில் போட்டு ஜெயித்துவிடுவான். காதில் அவன் குரல் விட்டுவிட்டு வருகிறது. “ஏளா, அடிக்காத. இந்தா எனக்கு சிக்னல் போவப் போவுது. ஆட்டம் தானா உனக்கு வந்துரும்.” “அப்படி வந்த பேரு எம்பிள்ளைக்கு எதுக்கு? பாத்துக்கிட்டே தோத்துப் போங்க அத்தான்.” விரலைப் பின்னுக்கு இழுக்கிறாள். வயிற்றுக்குள் ஓர் உதை. விரல் அசையவில்லை. விடுகிறாள். கறுப்புப் பந்து ஓரத்தில் மோதித் திரும்பி, மெதுவாக உருண்டு, மூலைக் குழிக்குள் இறங்குகிறது. அவன் சிரிக்கிறான். “சரிளா. ஜாயப் பத்திரமாப் பாத்துக்க.” அதன் பிறகு காதில் கடற்காற்று மட்டும் கேட்கிறது.