மழைச்சத்தம் போட்டது யார்?

பழைய வாத்தியங்களை ரிப்பேர் பார்க்கும் கடை ஒன்று. மேல்தட்டில் இருந்த சிந்தசைசருக்கு அன்று இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் ஒருவர் அதைப் பார்க்க வருகிறார். அதன் சரித்திரம் சரியாகத் தெரிந்தால்தான் வாங்குவாராம். இல்லாவிட்டால் உதிரி பாகத்துக்காகக் கழற்றிவிடுவார்கள்.

"அண்ணே, நான் யாருண்ணே?" என்று பக்கத்திலிருந்த ஆம்ப்ளிஃபயரைக் கேட்டது.

"என்னப்பா இப்படிக் கேக்கிற? சினிமாப் பாட்டுல முதன்முதலா மழைச்சத்தம் போட்டது நீதானே."

"யாருண்ணே சொன்னா?"

"மைக்குதான் சொல்லுச்சு."

மைக்கைக் கேட்டால், அது கீழ்த்தட்டு டோலக்கைக் கைகாட்டியது.

டோலக் எரிச்சலோடு சொன்னது: "என்னைக் கேட்டா? வந்த அன்னிக்கு நீயேதானே சொன்னே. அதைக் கேட்டுத்தானே மேல்தட்டை உனக்கு விட்டுக்கொடுத்துட்டு, நான் இந்த ஈரத்துல கிடக்கேன்."

சிந்தசைசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேல்தட்டு இடத்துக்காகத் தானே அளந்துவிட்ட கதை அது. உண்மையில் தான் எங்கே வாசித்தோம் என்பது அதற்கே மறந்துபோயிருந்தது.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. சிந்தசைசர் அவசரமாகத் தன் குமிழ்களை நேராக்கிக்கொண்டது.

"மூணு பேரும் ஒரே மாதிரி சொல்றீங்க," என்றது. "அப்ப நிஜமாத்தான் இருக்கும்."