மேகம் என்ன கொசுவா?

"கிரேக்க நாட்டுலயே மூடத்தனம் ஒழிஞ்ச முதல் வட்டம் எதுன்னு நாளைக்கு யார் கேட்டாலும், நம்ம வட்டத்தைத்தான் கை காட்டணும்! ஏதென்ஸெல்லாம் அப்புறம்தான்!"

வட்டத் தலைவர் லாம்பிஸ் இதைச் சிரிக்காமல்தான் சொன்னார். வட்டம் என்பது நான்கு குக்கிராமங்களும் ஒரு கோயிலும் எல்லையாக ஓர் ஓடையும். அவரைக்கொட்டைக் குலுக்கலில் பதவி அவருக்கு விழுந்திருந்தது. ஏதென்ஸில் ஒரு குளிர்காலம் தங்கிவிட்டு வந்தவர். அதனால் அந்த ஊர்ப் பேச்சாளர்களைப் போலவே இடக்கையை மேலாடைக்குள் மறைத்து, வலக்கையில் தலைவர்கோலைப் பிடித்தபடி நின்றார்.

கோயில் முற்றம் முழுக்கத் திராட்சைத் தோட்டக்காரர்கள். ஓரமாக, ஒரு காலைச் சாய்த்து நின்றவர் கோர்கோஸ். வட்டத்தின் ஆலங்கட்டிக் காவலர். குன்றின் மேல் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பார். கல்மழை மேகம் தெரிந்தால் கொம்பு ஊதுவார். வட்டம் அளக்கும் பார்லிதான் அவருடைய சாப்பாடு.

"இவன் ஊதுறான், உடனே நீங்க மேகத்துக்குக் காணிக்கை கொடுக்குறீங்க," என்றார் லாம்பிஸ். "ஆடு, கோழி அறுக்கிறதாவது பரவால்ல, கடைசியில நாமதான் திங்கறோம். அதுவும் இல்லாதவன் ஊசியால விரலைக் குத்தி ரெண்டு சொட்டு ரத்தம் விடறானே, மேகம் என்ன கொசுவா?"

முற்றமே சிரித்தது. கோர்கோஸும் சிரித்தார். பிறகு பார்லி நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

"தலைவரே, நேத்துக்கூட மேகம் ஓடை வரைக்கும் வந்துச்சு. நான் ஊதினேன். திரும்பிப் போய் அடுத்த வட்டத்துல கொட்டிச்சுங்களே!"

"ஓடைதான் எல்லைன்னு மேகத்துக்கு யாருப்பா சொன்னது?"

"கொம்புல சொன்னேனுங்க."

"சரி. இந்தப் பத்து நாள்ல நாலு தடவை ஊதிட்டே. நாலு தடவையும் ஊரே என்னத்தையோ அறுத்துச்சு. நான் என்ன அறுத்தேன்? சிமோன், நீ என் பக்கத்து வீட்டுக்காரன், நீயே சொல்லு. என் வீட்டுல ஆடு கத்துச்சா?"

முன்வரிசையில் இருந்த சிமோன் யோசித்தார். "இல்லண்ணே."

"கோழி?"

"சத்தமே இல்லண்ணே. கதவுகூடச் சாத்தித்தான் இருந்துச்சு."

"என் கொடியில ஒரு இலை கிழிஞ்சுதா?"

"அதுவும் இல்ல."

"முடிஞ்சுதா கதை? மேகம்ங்கிறது ஈரக்காத்து. அதுக்கு வாயும் இல்ல, வயிறும் இல்ல!"

கூட்டம் தலையாட்டியது. பலருக்கு மேகத்துக்காக வீணாய் அறுத்த ஆட்டுக்குட்டி ஞாபகம் வந்தது.

"பார்லியை நிறுத்திட்டா நான் என்னங்க செய்வேன்?" என்றார் கோர்கோஸ். "இந்தக் காலை வெச்சுக்கிட்டு ஏர் பிடிக்க முடியுமா?"

"அதுக்காக ஒரு வட்டமே ஆயுசுக்கும் வானத்தைப் பார்த்து நடுங்கணுமா? காவல் பதவி வேண்டாங்கிறவங்க எல்லாரும் கையைத் தூக்குங்க! இதோ, முதல் கை என்னோடது!"

வலக்கையில் கோல் இருந்தது. பேச்சின் வேகத்தில் லாம்பிஸ் இடக்கையை உருவி வானத்தை நோக்கி உயர்த்தினார்.

பின்னாலேயே எழுந்த கைகள் பாதியில் நின்றன. ஒவ்வொன்றாக இறங்கின. கூட்டம் ஏன் அமைதியாகிவிட்டது என்று புரியாமல், தரையைப் பார்த்துக்கொண்டிருந்த கோர்கோஸும் நிமிர்ந்தார்.

தலைவரின் நான்கு விரல் நுனிகளிலும் ஊசி குத்திய புண். சுண்டுவிரலில் இருந்தது நேற்றையது.

"ஆடு கத்தலதான்..." என்று இழுத்தார் சிமோன்.

"விரல் கத்தாதுங்களே," என்றார் கோர்கோஸ், மரியாதையாகவே.

குன்றுக்கு அப்பால் மெல்ல ஓர் உறுமல் கேட்டது. கோர்கோஸ் கொம்பை எடுத்துக்கொண்டு, காலை இழுத்தபடி மேலே ஏறினார். தோட்டக்காரர்கள் வீட்டுக்கு ஓடினார்கள்.

லாம்பிஸ் கோயில் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, மேலாடையில் செருகியிருந்த ஊசியைக் கழற்றினார். கட்டைவிரல் இன்னும் மிச்சமிருந்தது.