ஆடாத பல்

வாயைத் திற என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே அந்தச் சிறுமி நாற்காலியில் ஏறிப் படுத்து வாயைப் பிளந்துவிட்டாள். தலைக்கு மேல் இருந்த விளக்கைக்கூட அவளே இழுத்துத் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

"வாங்க மேடம். இன்னைக்கு எந்தப் பல்லு?" என்றார் பல் டாக்டர்.

இடுக்கியைப் பார்த்ததும் பெரிய மனிதர்களே வெலவெலத்துப் போகும் அறை அது. போன மாதம் ஒரு போலீஸ்காரர் பாத்ரூமுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். இன்னும் வரவில்லை.

இவளோ கொஞ்ச நாட்களுக்குள் மூன்றாவது முறையாக வந்திருக்கிறாள். முதல் இரண்டும் ஆடிக்கொண்டிருந்த பால் பற்கள். தானாக விழுந்துவிடும் என்று சொல்லியும் கேட்கவில்லை, பிடுங்கியே தீர வேண்டும் என்று உட்கார்ந்துகொண்டாள்.

"இது," என்று விரலை வைத்துக் காட்டினாள். மேல் வரிசை, முன்பல்.

டாக்டர் தட்டிப் பார்த்தார், அசைத்துப் பார்த்தார், சில்லென்று தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தார். சந்தேகத்துக்குப் படமும் எடுத்துப் பார்த்தார். பல் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"வலிக்குதா?"

"உயிர் போகுது," என்றாள், ஏதோ மணி கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

கூட வந்திருந்த அவள் அம்மா துணிக்கடையில் பில் போடுகிறவள். அரை நாள் லீவு கேட்டு முதலாளியிடம் வாங்கிய பேச்சு இன்னும் அவள் காதில் இருந்தது.

"நேத்துலேர்ந்து இதே பாட்டுதான் டாக்டர். கழட்டி விட்டுடுங்க, இவளோட மல்லுக்கட்ட என்னால ஆகாது. கிளாஸ்ல பக்கத்துப் பொண்ணைக் கிள்ளுறா. டீச்சர் பேசும்போது பெஞ்சுல தாளம் போடுறா. நோட்டுல எழுத்தையெல்லாம் முன்னுக்குப் பின்னா மாத்தி மாத்தி எழுதி வைக்கிறா. கேட்டா முறைக்கிறா. எல்லாம் திமிரு. ஸ்கூல்ல இவளுக்கு வாலுன்னே பேரு வெச்சுட்டாங்க."

"நான் பல்லுக்குத்தாம்மா வைத்தியம் பண்றேன். வாலுக்குத் தெரியாது," என்றார் டாக்டர்.

பிறகு சிறுமியிடம் திரும்பினார். "இந்தப் பல்லுல ஒரு கோளாறும் இல்லையே, கண்ணு."

"இருக்கு. உங்களுக்குத் தெரியல."

டாக்டர் பயமுறுத்திப் பார்க்க முடிவு செய்தார். "பெரிய ஊசியாப் போடணும்."

"போடுங்க."

"இது பால் பல்லு இல்ல. போனா போனதுதான், ஜென்மத்துக்கும் முளைக்காது."

"பரவாயில்ல."

"வாயைத் திறந்தா ஓட்டை தெரியும். கிளாஸே சிரிக்கும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அதுக்குச் சிரிச்சா பரவாயில்ல."

டாக்டருக்கு இப்போது விஷயம் பிடிபட்டுவிட்டது. பல் பிடுங்கினால் வீட்டில் படுத்துக்கொள்ளலாம். இந்த வித்தையெல்லாம் அவரும் அந்த வயதில் செய்தவர்தான், அவர் வயிற்று வலியோடு நிறுத்திக்கொண்டார்.

"சரி, ஒண்ணு பண்ணலாம். பல்லு அப்படியே இருக்கட்டும். இன்னைக்கு ஒரு நாள் ஸ்கூலுக்குப் போக வேண்டாம், அம்மாகிட்ட நான் சொல்றேன்."

"அதெல்லாம் வேண்டாம். ஸ்கூலுக்குப் போகணும்." சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள். "சீக்கிரம் எடுங்க டாக்டர். லேட்டாகுது."

அம்மாவுக்கு வாய் பிளந்துவிட்டது. பழக்க தோஷத்தில் டாக்டர் அதற்குள்ளும் ஒரு பார்வை பார்த்தார். கடைவாயில் ஒரு சொத்தை இருந்தது.

"இவளா ஸ்கூலுக்குப் போகணும்கிறா?" என்றாள் அம்மா. "தினமும் காலையில இழுத்துட்டுப் போய் விட்டுட்டு வரேன் டாக்டர்."

டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. விளக்கை அணைத்தார், இடுக்கியைத் தட்டில் போட்டார். "நல்ல பல்லை நான் எடுக்க மாட்டேன். இறங்கும்மா."

சிறுமி இறங்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஊசிக்கும் இடுக்கிக்கும் அசையாதவளுக்கு இப்போது உதடு துடித்தது, கண்ணில் நீர் முட்டியது. அவளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

"எடுக்கலைன்னாலும் பஞ்சு வெச்சு விடுவீங்களா?"

"பல்லைப் பிடுங்கினா ரத்தம் நிக்கிறதுக்குத்தான் பஞ்சு. சும்மா எதுக்கு?"

"அப்ப எடுத்துடுங்க."

இப்படி ஒரு நோயாளியை அவர் பார்த்ததில்லை. கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. அவள் முகத்துக்கு நேராக முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பஞ்சு மேல அப்படி என்ன ஆசை? அதை வெச்சா ஒரு மணி நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டே இருக்கணும். தண்ணி குடிக்கக் கூடாது. ஒரு வார்த்தை வாயைத் திறந்து பேசக் கூடாது. அதுவும் ஒரு மணி நேரந்தான், அப்புறம் எடுத்துப் போட்டுடணும்."

சிறுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போதும் டாக்டர். அதுக்குள்ள எழுந்து நின்னு வாசிக்கிற பீரியட் முடிஞ்சிடும்."